சிறையிலிருந்து வீடு திரும்பும் முன்னாள் படைவீரரும் குடும்பத்தின் பொறுப்பும்

எமது சேர்ஜரிக்கு நீரிழிவுக்காகப் பல வருடங்களாக வந்துபோகும் ஒரு தாயார் இருக்கிறார். மருந்தை நேரம் தவறாமல் எடுப்பவர். சோற்றை அளந்து சாப்பிடுபவர். இருந்தும் ஒரு வருடத்துக்குள் அவரது மூன்று மாதச் சராசரிச் சீனி 92க்கு ஏறிவிட்டது. மாத்திரையைக் கூட்டினோம், இறங்கவில்லை. இன்சுலின் பற்றிப் பேச்செடுத்த நாளில், வழமையாக நாம் கேட்பதுபோல மகனைப் பற்றியும் கேட்டோம். "அவர் டுபாயில வேலையா இருக்கிறார் டொக்டர்" என்றார். கதவுவரை போனவர் திரும்பி வந்து கதிரையில் இருந்துகொண்டு, "டுபாய் இல்லை டொக்டர், உள்ளுக்கை இருக்கிறார்" என்று சொல்லி அழத் தொடங்கினார்.

மகன் நான்கு வயதில் பெற்றோருடன் இங்கு அகதியாக வந்தவர். பத்தொன்பது வயதில், வீட்டில் எல்லோரும் தடுக்கத் தடுக்கப் பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்தார். இருமுறை ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்துக்குப் போனார். 2013 ஆம் ஆண்டு படையை விட்டு விலகியபின் சரியான நித்திரை இல்லை, வேலை நிலைக்கவில்லை, குடி கூடியது, மனைவியும் பிரிந்தார். ஒரு சனிக்கிழமை இரவு மதுச்சாலை வாசலில் நடந்த அடிதடியில் ஒருவருக்குப் பலத்த காயம். அதற்காகவே சிறைத்தண்டனை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். இதை எழுதச் சொல்லிக் கேட்டவர் அந்தத் தாயார்தான்.)

சுகாதாரப் பகுதியில் சிறையைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். சிறை எமது சமூகத்துக்குப் புதிய இடமல்ல. பூசாவிலும் வெலிக்கடையிலும் இருந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள், அதை அவர்கள் தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். ஆனால் லண்டனில் ஒரு பிள்ளை அடிதடிக்காக உள்ளே போய்விட்டால் அதற்கு டுபாய் என்று பெயர் வைத்து மூடிவிடுகிறோம். அதுவும் அந்தப் பிள்ளை ஒரு படைவீரராய் இருந்தவர் என்றால் இரண்டு மூடிகள். இராணுவம் என்ற சொல்லைக் கேட்டாலே எமது வயதுக்காரருக்கு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் கேட்ட சப்பாத்துச் சத்தம்தான் ஞாபகம் வரும். நாமும் அதிலிருந்து தப்பி வந்து இந்நாட்டில் மறுபடி பரீட்சை எழுதி வைத்தியரானோம். முன்னாள் சிப்பாய் ஒருவர் முதன்முதலில் எமக்கு முன்னால் வந்து இருந்தபோது எமது கை சற்றுக் குளிர்ந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. பின்னர் அவர் தன் கனவுகளைச் சொன்னார். அவை எம்மவர்கள் எமக்குச் சொல்லும் கனவுகளேதான்.

எத்தனை பேர், எதற்காக?

2010 ஆம் ஆண்டு பாதுகாப்பு அமைச்சின் புள்ளிவிபரப் பிரிவு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருந்தவர்களில் சுமார் 3.5 வீதமானோர் முன்னாள் படையினர். 2013 ஆம் ஆண்டு லான்செற் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று 13,856 படையினரைப் பற்றிய பதிவுகளைப் பார்த்தது. அவர்களில் ஆண்களில் 17 வீதமானோருக்குக் குற்றப்பதிவு இருந்தது. இது நாட்டின் பொதுவான ஆண்களின் வீதத்தைவிடக் குறைவு என்பதைக் கவனிக்கவேண்டும். ஆனால் முப்பது வயதுக்குட்பட்ட ஆண்களில் வன்முறைக் குற்றங்களை மட்டும் எடுத்தால் படையினரிடையே 20.6 வீதம், பொதுமக்களிடையே 6.7 வீதம். நேரடிப் போர் அனுபவமும், திரும்பி வந்தபின் அளவுக்கு மீறிய குடியும் உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. அந்தத் தாயாருக்கு நாம் இந்தத் தாளை வாசித்துக் காட்டவில்லை. "உங்கட வளர்ப்பில பிழை இல்லை அம்மா" என்று மட்டும் சொன்னோம்.

ஒரு சிறு கேள்வி

சிறைக்குள் நுழையும்போதே "நீங்கள் ஆயுதப்படையில் பணியாற்றியவரா?" என்று கேட்கிறார்கள். ஸ்டீபன் பிலிப்ஸ் என்ற சட்டத்தரணி 2014 இல் அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து இது வழமையாகியது. ஆம் என்று சொன்னால் பல கதவுகள் திறக்கும். பல சிறைகளில் முன்னாள் படையினருக்கெனப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரே முன்னர் படையில் இருந்தவராகவும் இருக்கக்கூடும். றோயல் பிரிட்டிஷ் லீஜன், சஃபா போன்ற பழைய தொண்டு நிறுவனங்களுடன் அவர் தொடர்பை ஏற்படுத்துவார். இல்லை என்று சொல்லிவிட்டால் எதுவும் தேடி வராது.

நாம் குறிப்பிட்ட பிள்ளை இல்லை என்றே சொன்னார். ஏன் என்று பின்னர் கேட்டோம். மற்றக் கைதிகளுக்குத் தெரிந்தால் ஆபத்து என்ற பயம் ஒரு காரணம். "அந்த யூனிபோமுக்கு நான் அவமானத்தைக் கொண்டு வந்திட்டன், அதைச் சொல்லி உதவி கேட்க ஏலாது" என்பது மற்றது. அவர் ஐந்தாறு வருடம் மட்டுமே பணியாற்றியவர் என்பதால் தன்னை முன்னாள் படைவீரராக எண்ணவுமில்லை. முன்னாள் படைவீரர் என்றால் நெஞ்சில் பதக்கம் குத்திய வெள்ளைக்காரத் தாத்தா என்றே அவர் நினைத்திருந்தார். பிரித்தானிய அரசின் வரைவிலக்கணப்படி படையில், அது முழுநேரப் படையோ தொண்டர் படையோ, ஒரு நாள் சம்பளத்துக்குப் பணியாற்றியிருந்தாலே போதும். எந்த நாட்டில் பிறந்தவர் என்பதும் பொருட்டல்ல. பிளம்ஸ்ரெட் பக்கம் பணிபுரியும் எமது வைத்திய நண்பர்களிடம் வரும் முதிய கூர்க்கா வீரர்களும் இதில் அடக்கம்.

முதல்நாள் இல்லை என்று சொன்னவர் பின்னர் ஆம் என்று சொல்வதில் தடையேதுமில்லை. குடும்பத்தினர் சந்திப்புக்குப் போகும்போது இதை எடுத்துச் சொல்லலாம். வெளியே வருவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

எமது சேர்ஜரியில் நடந்த தவறு

அவர் வெளியே வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். கையில் ஏழு நாளுக்கு மனச்சோர்வு மாத்திரை, ஒரு பிளாஸ்ரிக் பை, கொஞ்சப் பணம். சிறையிலிருந்து வெளியேறும் தகுதியுள்ளோருக்குக் கொடுக்கும் பணம் 1990களிலிருந்து 46 பவுணாகவே இருந்தது. 2021 இல்தான் அதை 76 ஆக்கினார்கள், அதன்பின் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். வெள்ளி மாலையில் கவுன்சில் பூட்டு, ஜொப் சென்ரர் பூட்டு, திங்கள்வரை ஒருவருமில்லை. இதற்காகவே, கூடுதல் உதவி தேவைப்படுவோரை வார இறுதிக்கு ஓரிரு நாள் முன்னதாக விடுவிக்க இடமளிக்கும் சட்டம் 2023 இல் நிறைவேறியது. ஆனால் அது எல்லோருக்கும் தானாகக் கிடைப்பதல்ல, கேட்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை அவர் எமது சேர்ஜரிக்கு வந்திருக்கிறார். விலாசத்துக்கு அத்தாட்சி கொண்டுவரச் சொல்லி வரவேற்பு மேசையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாயாரின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை, கோபத்தில் போய்விட்டார். மாத்திரை முடிந்தது. மூன்றாவது வாரம் ஓர் இரவு, விஸ்கியுடன் வேறு எதையோ கலந்து எடுத்த நிலையில் அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். உயிர் தப்பினார். அவரைத் திருப்பி அனுப்பியது எமது மேசை, எமது பொறுப்பு. அன்று நாம் உள்ளே இருந்து வேறு யாருக்கோ இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்ய விலாச அத்தாட்சியோ கடவுச்சீட்டோ கட்டாயமில்லை. குடிவரவு நிலையைக் காட்டவும் தேவையில்லை. அவை இல்லை என்பதற்காக ஒரு சேர்ஜரி பதிவை மறுக்கக்கூடாது என்பது தேசிய சுகாதார சேவையின் விதி. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. 2017 முதல், சிறையில் இருப்பவர் வெளியே வருமுன்னரே வெளியிலுள்ள சேர்ஜரியில் பதிவுசெய்ய ஏற்பாடு இருக்கிறது. அப்படிச் செய்தால் சிறை வைத்தியரின் குறிப்புகள் அவருக்கு முன்னதாகவே வந்து சேரும். சிறையின் சுகாதாரப் பிரிவிடம் இதைக் கேட்குமாறு உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். வொண்ட்ஸ்வேர்த், பென்ரன்வில், தேம்ஸ்மெட் பக்கச் சிறைகள், பெண்களாயின் ஆஷ்ஃபோர்ட்டுக்கு அருகிலுள்ள புரொன்ஸ்ஃபீல்ட், எதுவாயினும் விதி ஒன்றே. வீட்டார் தமது சேர்ஜரியில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் எம்மைப் போன்றவர்களின் தவறுகளும் குறையும்.

முதல் வாரம் ஏன் ஆபத்தானது?

2008 இல் வெளிவந்த ஆய்வொன்று, 1998 முதல் 2000 வரை இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளிலிருந்து வெளியேறிய 48,771 பேரைப் பின்தொடர்ந்தது. வெளியேறிய முதல் வாரத்தில் போதைப்பொருளால் இறக்கும் அபாயம், பொதுமக்களோடு ஒப்பிடும்போது ஆண்களுக்கு 29 மடங்கு, பெண்களுக்கு 69 மடங்கு. காரணம் எளிது. உள்ளே இருந்த மாதங்களில் உடல் அந்தப் பழக்கத்தை இழந்துவிடுகிறது. முன்னர் தாங்கிய அளவை இப்போது தாங்காது. ஹெரோயின் போன்றவற்றுக்கு மட்டுமல்ல, மதுவுக்கும் இது பொருந்தும். வந்த பிள்ளையைச் சந்தோஷப்படுத்த முதல்நாளே கிளாஸை நீட்டும் மாமாமார் தயவுசெய்து இந்தப் பந்தியை இரண்டுமுறை வாசிக்கவும்.

ஹெரோயின் பழக்கம் முன்னர் இருந்தவராயின், நலோக்சோன் என்ற மாற்று மருந்தை வீட்டில் வைத்திருக்கவேண்டும். மூக்கில் விசிறும் வடிவிலும் இருக்கிறது. சிறையிலிருந்து வரும்போதே தருவார்கள், அல்லது உள்ளூர்ப் போதைச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகப் பெறலாம். மயங்கிக் கிடந்தால் 999க்கு அழைத்தபின் அதைக் கொடுக்கவேண்டும். நித்திரை என்று நினைத்துப் போர்த்துவிட்டுப் போகவேண்டாம்.

மனவடு பற்றி எமது வாசகர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. திடுக்கிட்டு எழும்புதல், கதவுக்கு முதுகு காட்டி இருக்க மறுத்தல், காரணமில்லாத கோபம், ஒன்றுமே உணராத மரத்த நிலை. தீபாவளிக்கும் நவம்பர் 5க்கும் வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் வெடிக்கும் வாணங்கள் இவர்களுக்கு வேறு சத்தம். எம்மிடையே பலருக்கும் அப்படித்தான். "அங்க எத்தனை பேரைச் சுட்டனீ?" என்று கேட்கவேண்டாம். நித்திரையில் இருப்பவரைத் தொட்டு எழுப்பாமல் கதவடியில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

சிகிச்சைக்கு முன்னாள் படையினருக்கெனத் தேசிய சுகாதார சேவை 2021 இல் ஒப் கரேஜ் என்ற பெயரில் மனநல சேவையை ஒருங்கிணைத்தது. படையை விட்டு எத்தனை வருடமாயினும் போகலாம். அவரே நேரடியாகத் தொடர்புகொள்ளலாம், குடும்பத்தவரும் தொடர்புகொள்ளலாம், நாமும் கடிதம் எழுதலாம். ஆனால் ஒரு சேர்ஜரியில் பதிவுசெய்திருக்கவேண்டும், அல்லது பதிவுசெய்யச் சம்மதிக்கவேண்டும். கைது, தண்டனை, விடுதலை என்று சட்டத்துறையோடு சிக்கியவர்களுக்கு ஒப் நோவா என்ற வேறொரு சேவை 2023 முதல் இங்கிலாந்து முழுவதும் நடக்கிறது. சிறையிலிருந்து வரவிருப்பவருக்கும் வந்தவருக்கும் வீடு, வேலை, உதவிப்பணம், வைத்தியம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க ஒருவரை நியமிப்பார்கள். நாம் குறிப்பிட்டவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதுதான் இதைப் பற்றி முதன்முதலில் ஒரு தாதி சொன்னார்.

பெனிபிற் விடயம்

இதில் நாம் நிபுணரல்ல. ஆனால் காசில்லாதவனுக்கு எழுதும் மாத்திரை பாதியாகத்தான் வேலை செய்யும் என்பது வைத்தியருக்குத் தெரியும்.

யூனிவர்சல் கிரெடிற்றுக்குச் சிறையில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க முடியாது, வெளியே வந்த நாளில்தான். ஆயினும் சிறைக்குள் வரும் ஜொப் சென்ரர் ஆலோசகர் அதற்கான ஆயத்தங்களை முன்னரே செய்து, வெளிவரும் நாளுக்குச் சந்திப்பு ஒழுங்கு செய்வார். அடையாளப் பத்திரமும் வங்கிக் கணக்கும் இல்லாமல் எதுவும் நகராது. முதல் கொடுப்பனவுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் பிடிக்கும். அதுவரை முற்பணம் கேட்கலாம், அது கடன் என்பதை நினைவில் வைக்கவேண்டும், பின்னர் மாதாமாதம் கழிப்பார்கள்.

வீடு விடயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. வீடற்றோருக்கு உதவும் கவுன்சிலின் கடமையில் யாருக்கு முன்னுரிமை என்பதைச் சொல்லும் 2002 ஆம் ஆண்டு ஆணை இருக்கிறது. ஆயுதப்படையில் இருந்ததன் காரணமாகப் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர், சிறையில் இருந்ததன் காரணமாக அந்நிலையில் உள்ளவர் ஆகிய இரு பிரிவினரும் அதில் இருக்கிறார்கள். இரண்டும் பொருந்துபவர் இரண்டையும் சொல்லவேண்டும். "பாதிக்கப்படக்கூடியவர்" என்பதைக் காட்ட வைத்தியரின் கடிதம் தேவைப்படும். அக்கடிதத்தைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம். 2018 ஒக்ரோபரிலிருந்து, வீடில்லாமல் வெளியேறப்போகும் கைதியை அவரது சம்மதத்துடன் கவுன்சிலுக்கு அறிவிப்பதும் சிறையின் கடமை. 2022 நவம்பரிலிருந்து கவுன்சில்களும் சுகாதார சேவையும் முன்னாள் படையினரின் நிலையைக் கருத்திற்கொள்ளச் சட்டப்படி கடமைப்பட்டுள்ளன. இது வீட்டுச் சாவியைக் கையில் தரும் சட்டமல்ல. ஆனால் பேசும்போது நினைவூட்டினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து இருப்பார்.

படையில் ஏற்பட்ட காயத்துக்கோ நோய்க்கோ நட்டஈடு இருக்கிறது. 2005 ஏப்ரல் 6க்கு முந்திய பணியால் வந்ததாயின் போர் ஓய்வூதியத் திட்டம், அதற்குக் காலக்கெடு இல்லை. அத்தேதியிலிருந்து பின்னர் வந்ததாயின் ஆயுதப்படை நட்டஈட்டுத் திட்டம், அதற்குப் பொதுவாக ஏழு வருடக் கெடு. பிந்தி வெளிப்படும் நோய்களுக்கு விதிவிலக்கு உண்டு, மனவடு அதில் அடங்கலாம். சிறைக்குப் போனதால் விண்ணப்பிக்கும் உரிமை போய்விடாது. முன்னரே ஏதாவது கொடுப்பனவு பெற்றுவந்தவர் சிறையில் இருந்த காலத்தில் அது நிறுத்தப்பட்டிருக்கலாம். வெளியே வந்ததும் பாதுகாப்பு அமைச்சின் உரிய பிரிவுக்கு எழுதி மீளத் தொடங்கக் கேட்கவேண்டும்.

இங்குதான் அந்த மௌனத்தின் விலை எமக்குப் புரிந்தது. அவருக்கு 2011 இல் ஹெல்மண்டில் முழங்கால் உடைந்திருந்தது. இன்றும் படியேறும்போது பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். படையை விட்டு விலகும்போது கொடுத்த மருத்துவச் சுருக்கத்தை அவர் எந்த வைத்தியரிடமும் கொடுக்கவில்லை, நாமும் படையில் இருந்தீர்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. விண்ணப்பித்தபோது கெடு கடந்து பல வருடம். முழங்காலுக்கான கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மனவடுவுக்கான கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, அதற்கு நாம் மூன்று பக்கக் கடிதம் எழுதினோம்.

பிரித்தானியக் குடியுரிமை பெறாமல், இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டோடு படையில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கும். படையில் இருந்தது அதற்கு விலக்கல்ல. உடனே குடிவரவுச் சட்டத்தரணியிடம் போகவேண்டும், விடுதலை நாள்வரை காத்திருக்கக்கூடாது.

வீட்டில் ஒரு கடித உறையில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: படை இலக்கம், விலகல் பத்திரம், மருத்துவச் சுருக்கம், தேசியக் காப்புறுதி இலக்கம், பிறப்புப் பத்திரம் அல்லது கடவுச்சீட்டு, சிறையில் எடுத்த மருந்துகளின் பட்டியல், புரொபேஷன் உத்தியோகத்தரின் பெயர். படைப் பத்திரங்கள் தொலைந்திருந்தால் பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதிப் பிரதி பெறலாம். புரொபேஷன் சந்திப்பும் வைத்தியர் சந்திப்பும் ஒரே நேரத்தில் வந்தால் எமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், மாற்றித் தருவோம். புரொபேஷன் சந்திப்பைத் தவறவிட்டால் மறுபடி உள்ளே போகவேண்டி வரலாம்.

எமது சேர்ஜரியில் பதிவுப் படிவம் நிரப்பும் எல்லோரிடமும் இப்போது படையில் இருந்தீர்களா என்று வாயாலும் கேட்கிறார்கள். சென்ற வருடம் அப்படிக் கேட்டதில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஆம் என்றார்கள், ஒருவர் பெண்.

மகன் இப்போது கவுன்சில் தந்த ஓர் அறையில் இருக்கிறார், இரு வாரத்துக்கொருமுறை ஒப் கரேஜ் சிகிச்சைக்குப் போகிறார். ஞாயிறுகளில் தாயார் வீட்டில் சாப்பாடு. தாயாரின் சராசரிச் சீனி 66க்கு இறங்கியிருக்கிறது, இன்சுலின் தேவைப்படவில்லை. கோயிலில் கேட்பவர்களுக்கு, மகன் டுபாயிலிருந்து திரும்பி வந்துவிட்டார் என்று சொல்கிறாராம்.